கழித்துப்போட்ட மெசின்

வயர் வெட்டி ஒரு வருசமான மெசின் சுடக்கூடாது. அருளம்பலத்தின் உள்ளங்கையில் சுட்டது. யன்னலால் விழுந்த மத்தியான வெயிலாக்கும் என்று நினைத்தார். அந்தக் களஞ்சிய அறைக்கு யன்னலே இல்லை.

வேறு வழியும் இல்லை. மகள் கோபிகா டெங்குக் காய்ச்சலோடு அதே ஆஸ்பத்திரியின் பக்கத்து வாட்டில் கிடந்தாள். இரத்தம் தடிக்கிறதா என்று மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மெல்லிய கண்ணாடிக் குழாயில் எடுத்து மெசினில் வைத்துச் சுற்றிப் பார்க்கவேண்டும். ஆய்வுகூடத்தில் அப்படிச் சுற்றுகிற புது மெசினின் மோட்டாருக்கு மின்சாரம் கடத்துகிற கரிக்கட்டை தேய்ந்துபோயிற்று.

"மெசினைத் தந்த வெளிநாட்டுக்காரர் மாத்துக் கரி தர மறந்திட்டினம், அண்ணை," என்றாள் ஆய்வுகூடத்து ஜெசிதா.

"குடுக்கேக்கை படம் எடுக்க மறக்கேல்லையே," என்றார் அவர். ஆஸ்பத்திரி மெசின்களைத் திருத்தியே நரைத்த மனுசன்; இனாமாக வருகிற எதையும் நம்பமாட்டார்.

அதனால்தான் களஞ்சியத்தில் கழித்துப்போட்ட பழைய மெசினைத் திறந்தார். போன வருசம் அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே சோமசேகரம் என்ற ஆய்வுகூடக்காரர் அதன்மேல் தலை சாய்த்துச் செத்துப்போனார். வயரை வெட்டி ஒதுக்கியபிறகு ஒருவரும் அதைத் தொடவில்லை. ஸ்பிரிட் மணமும் ஈரத்துணி மணமும், அதற்குள்ளே ஆரோ பக்கத்தில் நிற்பதுபோல ஒரு வேர்வை மணமும் கலந்து வர, மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு கரியையும் கழற்றினார். வாசலில் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"அப்ப போட்டு வாறன்."

செத்தவீட்டில் விடைபெறும்போது சொல்லக்கூடாத சொல். நாக்கைக் கடித்தார்.

"ஓம். கெதியா வாங்கோ," என்றது மூடியின் கீழே ஒரு குரல்.

ஓட்டமும் நடையுமாக ஆய்வுகூடத்துக்கு வந்து புது மெசினில் கரியைப் பூட்டினார். கோபிகாவின் இரத்தம் எடுத்த குழாயை ஜெசிதா உள்ளே வைத்து மூடினாள். மெசின் ஓடியது. ஐந்து நிமிடம். நின்றது. திறந்தாள்.

"அண்ணை, பிள்ளையின்ரை குழாய் எங்கை? இப்பத்தானே வைச்சனான்!"

களஞ்சிய அறையில் ஏதோ சுற்றுகிற இரைச்சல்.

போனார். கரியில்லை. வயரில்லை. சுற்றியது. அவரைக் கண்டு மெல்ல நின்றது. மூடி தானாக எழும்பியது.

உள்ளே ஒரேயொரு குழாய். சிவப்பு ஏறியது. வாயைத் தாண்டியது. சொட்டு. சொட்டு. நாடி அடிக்கிற கணக்கில்.

வாட்டிலிருந்து தாதியின் சத்தம். "ஐயா, ஓடி வாங்கோ! கோபிகா கண்ணைச் செருகுறாள்!"

கட்டைவிரலால் குழாயின் வாயைப் பொத்தினார். சொட்டு நின்றது.

"மூச்சு வருது! வந்திட்டுது!"

விரலை எடுத்தார். அங்கே அலறல். திரும்பப் பொத்தினார். அமைதி.

விரலின் கீழே சின்னதாக ஒரு துடிப்பு. எடுக்கமுடியாது. இனி எடுக்கவே முடியாது.

குழாயைத் தாங்கிய தட்டு மெல்ல அசைந்தது. விரலையும் இழுத்துக்கொண்டு, சுற்றத் தொடங்கியது.