மாப்பிள்ளை வீட்டு மனுசி

பேருந்து மலை வளைவுகளில் முக்கி முனகி ஏறி, ரோக்காமூத்தா என்ற அந்தப் பழைய ஊரின் தேவாலய முற்றத்தில் அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது. கிறிகோரி கோட்டின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். காலை வெயில் கல்வீடுகளின் மேல் மஞ்சளாக விழுந்திருந்தது. முற்றத்தின் ஓரத்தில் ஒரு பலகை. குடும்பமாக நடப்பதற்கு ஏற்ற பாதை, குழந்தை வண்டியும் போகும், மஞ்சள் அம்புக்குறியைப் பின்பற்றவும் என்று எழுதியிருந்தது.

பெண் பார்க்க மலைக்கு வருவது அவருடைய யோசனை அல்ல.

"பலகாரத் தட்டோட போய் நிக்க மாட்டன் அப்பா," என்று மகள் ஸ்ரெல்லா ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். "நடந்து கதைப்பம். பிடிச்சால் பாப்பம்."

மாப்பிள்ளைப் பையன் றொஜரும் அதையே சொன்னானாம். கிறிகோரி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, பிறகு வேறொரு காரணத்துக்காக இணங்கினார். நகரத்தில் நம்மவர் நெருங்கிக் குடியிருக்கும் அல்பெர்கேரியாவில் மாப்பிள்ளை வீட்டார் படி ஏறினால், அவர்கள் இறங்கும் முன்பே பலாறோ சந்தையில் மீன் விற்பவனுக்கும் சேதி எட்டிவிடும். போன வருடம் ஒரு சம்பந்தம் மோதிரம் மாற்றும் வரை வந்து முறிந்தது. அன்றிலிருந்து, பூசை முடிந்து ஆட்கள் கூடிக் கதைக்கும் இடத்துக்கு அவர் போனால் பேச்சு நின்றுவிடும். இதுவும் முறிந்தால் அந்தக் கோவிலுக்குள் எப்படி நிமிர்ந்து நடப்பது? முறிவதானால் யாரும் காணாத மலையில் முறியட்டும்.

யோசேப் தன் மகன் றொஜரோடும், மணமான மகள் ஜெசிக்காவோடும், அவளுடைய குழந்தை வண்டியோடும் முன்பே வந்து காத்திருந்தார். மனைவியை இழந்தவர். அமைதியான மனிதர்.

"மூத்த பெண் துணை இல்லாமல் வந்திருக்கிறம் அண்ணை, குறை நினைக்காதேங்கோ," என்றார்.

"அதிலை என்ன குறை," என்றார் கிறிகோரி. மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

ஊர் எல்லையில், அந்தக் காலத்துப் பெண்கள் துணி தோய்த்த நீளமான கல்தொட்டி இருந்தது. சிங்கமுகக் குழாயிலிருந்து நீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. பின்னால் கதவு மூடிய, கூரையில்லாத ஒரு வீடு. தொட்டியின் விளிம்பில், கறுப்புச் சால்வையால் தலையை மூடிக்கொண்டு, ஒரு முதிய மனுசி இருந்தாள். நம்முடைய முகம். நம்முடைய நிறம். அவர்களைக் கண்டதும் எழுந்து, நெடுநேரம் காத்திருந்தவள் போலத் தலையை ஆட்டினாள்.

"வாங்கோ பெரியம்மா," என்றாள் ஜெசிக்கா.

கிறிகோரிக்கு அதோடு எல்லாம் விளங்கிவிட்டது. யோசேப்பின் தமக்கையாக இருக்கும். மூத்த பெண் துணை இல்லை என்றது வெறும் பணிவுப் பேச்சு. இனி "நீங்கள் ஆர்?" என்று கேட்பது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரை அவமதிப்பதாகும்.

"வாங்கோ அக்கா," என்றார். "முன்னமே வந்திட்டியளோ?"

"எப்பவோ வந்திட்டன்," என்றாள் அவள்.

குரல் மெல்லியது. மன்னார்ப் பேச்சா, தீவுப் பேச்சா என்று பிடிபடவில்லை.

பாதை சுலபமானதுதான். இருபுறமும் காரைபூசாத கல்மதில்கள், ஒலிவ மரங்கள், தூரத்தில் மணி ஆடும் செம்மறிகள். இளசுகள் முன்னால் கதைத்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். ஸ்ரெல்லா கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதைக் கண்டு கிறிகோரியின் மனைவி அருள்நாயகி அவர் காதில் சொன்னாள்:

"சரி வரும் போலை கிடக்கு."

"வாயை மூடிக்கொண்டு நட."

அந்த மனுசி அருள்நாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு கல்லிலும் கால் தடக்கவில்லை. அம்புக்குறியைப் பார்க்கவும் இல்லை.

"பாவம், கை சரியாக் குளிருது," என்றாள் அருள்நாயகி பிறகு. "ஐஸ் மாதிரி."

இடிந்த கோட்டைக்குக் கீழே உள்ள சிற்றாலயத்தை அடையும்போது பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறத் தொடங்கியது. முதலில் ஒலிவ மரங்கள் மறைந்தன. பிறகு மதில்கள். செம்மறி மணிச்சத்தம் ஒரு பக்கத்திலிருந்து கேட்டு, உடனே மறுபக்கத்திலிருந்து கேட்டது.

"பனிப்புகார் மூடமுதல் கோட்டையைப் பாத்திட்டு ஓடி வாறம்," என்று யோசேப் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேலே போனார். ஸ்ரெல்லா செருப்புக் கடித்ததால் தாயோடு நின்றுவிட்டாள்.

அருள்நாயகி கட்லட்டும் றோல்ஸும் எடுத்துவைத்தாள். முதல் தட்டை அந்த மனுசிக்கு நீட்டினாள். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சாப்பிடவில்லை. அவளைச் சுற்றி ஈரக்கல்லும், அணைத்த மெழுகுதிரியும் கலந்த ஒரு மணம் நின்றது.

"பிள்ளை, இஞ்சை வா."

ஸ்ரெல்லா போனாள். மனுசி அவளுடைய கையைத் தன் கைக்குள் எடுத்தாள். மறுகணம் ஸ்ரெல்லாவின் விரலில் ஒரு மோதிரம் இருந்தது. மங்கிய, கனத்த, பழைய மோதிரம்.

"எங்களுக்குப் பிடிச்சிருக்கு," என்றாள் கிறிகோரியைப் பார்த்து. "பிள்ளையைத் தாறியளோ?"

ஸ்ரெல்லா தாயைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "மாப்பிள்ளையை விட மாமிக்குத்தான் அவசரம்."

கிறிகோரியின் நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு வருடம் தாங்கிய பாரம். அவர் எழுந்து, கோட்டுக்குப் பொத்தானிட்டு, முறைப்படி சொன்னார்:

"தந்திட்டம் அக்கா. என்ரை பிள்ளை இனி உங்கடை வீட்டுப் பிள்ளை. கிறிகோரி சொன்னால் சொன்னதுதான்."

மனுசி சிரித்தாள்.

நீர் விழும் சத்தம் கேட்டது. கல்தொட்டி அங்கிருந்து வெகுதூரம்.

யோசேப் வீட்டார் திரும்பிவந்தபோது மூடுபனி ஆளை ஆள் தெரியாதபடி மூடியிருந்தது. ஒருவரையொருவர் கூப்பிட்டபடி, மதிலைத் தடவிக்கொண்டு இறங்கினார்கள். தேவாலய முற்றத்துக் காப்பிக் கடைக்குள் வந்து சேர்ந்தபோதுதான் கிறிகோரி வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா எங்கை?"

"அதைத்தான் நானும் கேக்க வேணும் எண்டு," என்றார் யோசேப். "உங்கடை அக்காவைப் புகாருக்கை தனிய விட்டிட்டியளோ?"

"என்ரை அக்காவோ?"

யோசேப் சிரிக்க முயன்றார். "அண்ணியின்ரை சொந்தம் எண்டல்லோ நாங்கள் நினைச்சம்."

ஜெசிக்கா வண்டியிலிருந்த குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "வயசான ஆள் எண்டு பெரியம்மா எண்டனான். எனக்கு அவவைத் தெரியாது."

ஸ்ரெல்லா மேசைக்குக் கீழே மோதிரத்தைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது கழலவில்லை.

வீட்டில் சவர்க்காரம் போட்டார்கள். ஒலிவ எண்ணெய் போட்டார்கள். விரல் சிவந்ததே ஒழிய மோதிரம் அசையவில்லை. நகைக்கடைக்குப் போவோம் என்று அருள்நாயகி கையைப் பிடித்தபோது, ஸ்ரெல்லா முதன்முறையாகத் தாயின் கையைத் தட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் ஒரு இடத்தில் இருப்பதில்லை. அறைக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். கீழே சந்தையில் கூவி விற்கும் பகல் வேளையிலும் அவளுடைய காலடி கிறிகோரிக்குத் தனியாகக் கேட்டது. றொஜர் எடுத்த அழைப்புகளை அவள் தொடவில்லை. அவளுடைய செருப்பின் அடியில் செம்மண் ஈரமாக இருந்தது. அல்பெர்கேரியாவில் எங்கே செம்மண்?

"எங்கை பிள்ளை போயிட்டு வாறாய்?"

"எங்கையும் போகேல்லை அப்பா." நடப்பதை அவள் நிறுத்தவில்லை. "அவை நல்ல ஆக்கள். ஒரு வீடு நிறைய ஆக்கள்."

கிறிகோரி பாதிரியாரிடம் போகப் புறப்பட்டு, பாதி வழியில் திரும்பிவிட்டார். என்னவென்று சொல்வது? ஆரென்று கேளாமல் பெண்ணைக் கொடுத்துவிட்டேன் என்றா? யோசேப் தொலைபேசியில் கேட்டபோதும், "பிள்ளைக்குச் சுகமில்லை," என்றே சொன்னார். மானம் அவர் வாயைக் கட்டியது.

ஆனால் ஒரு காலையில் ஸ்ரெல்லா அவரைப் பார்த்து, "ஐயா ஆர்?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

அவர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு பேருந்து ஏறினார்.

ரோக்காமூத்தாவில் வெயில் பளிச்சென்று இருந்தது. கல்தொட்டியில் ஒருவரும் இல்லை. அதற்குப் பின்னால், அன்று மூடிக்கிடந்த கூரையில்லாத வீட்டின் கதவு, இன்று திறந்திருந்தது. உள்ளே முட்செடியும் காட்டுப் பெருஞ்சீரகமும் இடுப்புயரம் வளர்ந்திருந்தன. அவர் வாசற்படியைத் தாண்டி ஒரு அடி வைத்தார். வெளியே நின்று பேசுவது முறையில்லை என்று பட்டது.

தொப்பியைக் கழற்றினார். வேலைக்கு வைத்திருந்த எந்த சிஞ்ஞோரா முன்னாலும், எந்த அதிகாரி முன்னாலும் குனியாத தலை குனிந்தது.

"நான் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கிறன். நான் பொய்யன் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. மானம் கெட்டவன் எண்டும் சொல்லுங்கோ. பிள்ளையை விட்டிடுங்கோ."



வெளியே, குழாயில் விழுந்துகொண்டிருந்த நீர் நின்றது.

அவர் வியர்த்து வெளியே வந்தார். பேருந்தில் மலையிறங்கும் வழியெல்லாம் உடம்பு இலேசாக இருந்தது. சொல் போனால் போகட்டும். இறங்கியதும் யோசேப்பைக் கூப்பிட்டு உண்மையை முழுவதும் சொல்லிவிடலாம். கோவிலில் பேசுகிறவர்கள் பேசட்டும்.

கதவைத் திறந்தவள் ஸ்ரெல்லா. சிரித்தாள். "வாங்கோ அப்பா," என்றாள். அந்த 'அப்பா' என்ற சொல்லில் அவருக்குக் கண் கலங்கியது. அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

விரலில் மோதிரம் இல்லை.

"எப்பிடிக் கழண்டது பிள்ளை?"

"மாமி வந்து கழட்டினவ."

அவர் கையை விட்டுவிட்டார்.

"இண்டைக்கு நீங்கள் அவையின்ரை வீட்டு வாசல் மிதிச்சியளாம்," என்றாள் ஸ்ரெல்லா மெல்ல. "பெண்ணைப் பெத்தவர் தனிய வந்தால் நாள் குறிக்கத்தானே வருவார் எண்டு அவைக்கு நல்ல சந்தோசம். இனிக் கலியாண மோதிரம்தானாம்."

சமையலறையிலிருந்து அருள்நாயகி வந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை. கையிலிருந்த தேநீர்த் தட்டு முழுக்கக் கோப்பைகள்.

"இஞ்சேருங்கோ, மெதுவாக் கதையுங்கோ," என்றாள். "உள்ளுக்கை இருக்கினம்."

"ஆர், யோசேப் ஆக்களோ?"

அவள் தலையை இல்லையென்று ஆட்டினாள்.

கிறிகோரி செருப்பைக் கழற்றவில்லை. கோட்டையும் கழற்றவில்லை. தன் வீட்டின் உள் அறையைப் பார்த்து ஒரு அடி வைத்தார்.

உள்ளே நாற்காலிகள் பின்னுக்குத் தள்ளப்படும் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு பல. சம்பந்தி வரும்போது சபையில் இருப்பவர்கள் மரியாதையாக எழுந்து நிற்பார்களே, அப்படி.

அந்த அறையில் ஒரு கட்டிலைத் தவிர வேறொன்றும் இல்லை.