க்யூ இருக்கணும், யூ இருக்கக் கூடாது

மழை... அப்படி ஒரு மழை! ஹெப்பாளிலிருந்து கிளம்பிய கம்பெனி பஸ் ரிங் ரோடு சிக்னலில் அசையாமல் நின்றது. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"நெட்வொர்க்கே இல்லப்பா!" என்று ஆளாளுக்குப் போனைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டார்கள்.

மேகனாவுக்கு அதில் சந்தோஷம்தான். போன் இல்லாவிட்டால் விளையாட்டு ஆரம்பமாகும். இத்தனை எழுத்து, இன்னின்ன எழுத்து உள்ளே வரவேண்டும் என்று ஒருவர் கேட்க, முதலில் ஆங்கில வார்த்தையைச் சொல்பவருக்கு மறுநாள் மற்றவர்கள் சுருமுரி, அதாவது மசாலாப் பொரி, வாங்கித் தர வேண்டும். இதுதான் இந்த பஸ்ஸின் சட்டம். மேகனா சுருமுரிக்குத் தன் பர்ஸைத் திறந்ததே இல்லை.

"ஆறெழுத்து! இசட், பி, ஒய்... மூணும் வரணும்!" தோழி நிர்மலா கூவினாள்.

மேகனா வாயைத் திறப்பதற்குள் பின் சீட்டிலிருந்து ஒரு குரல்... தயங்கித் தயங்கி...

"ஜெ... ஜெபைருங்களா? இசட், ஈ, பி, ஹெச், ஒய், ஆர்."

யாரது? திரும்பினாள். நனைந்த சட்டை, புது முகம். கண்களை மூடிக்கொண்டிருந்தவன் மெதுவாகத் திறந்தான். அம்மாடி, என்ன கண்கள்! மழை கழுவிவிட்ட மாதிரி... எதற்குத் திரும்பினோம் என்பதே அவளுக்கு ஒரு கணம் மறந்துவிட்டது.

"யாரு நீங்க? இந்த ரூட்ல பாத்ததே இல்லையே?"

"கவின்ராஜுங்க. ஸ்ரீரங்கப்பட்டண பஸ்ல போறவன். இன்னிக்கு அது ரிப்பேரு. டவுனுக்குப் போயி மாறிக்கலாம்னு இதுல ஏறுனேன். சொந்த ஊரு ஹனூருங்க."

"அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

"தெரியாதுங்க."

பஸ்ஸே சிரித்தது. "மெல்லிசா வீசுற காத்து," என்றாள் மேகனா கெத்தாக. "ஓ..." என்றான் அவன், கண்கள் விரிய.

அந்தக் கண்களைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானித்தாள். பேச்சில் கன்னடத்து 'ரீ' மரியாதை வந்து ஒட்டிக்கொண்டது. "ஸ்வல்ப கஷ்டமா ஒண்ணு கேக்கறேன் ரீ. அஞ்செழுத்து. க்யூ இருக்கணும், யூ இருக்கக் கூடாது!"

அவளுக்கே அப்படி ஒரு வார்த்தைதான் தெரியும். அவன் கண்களை மூடினான். உதடுகள் மட்டும் அசைந்தன...

"எஃப், ஏ, க்யூ, ஐ, ஆர்... என், ஐ, க்யூ, ஏ, பி... க்யூ, ஏ, என், ஏ, டி... டி, ஏ, எல், ஏ, க்யூ..."

மேகனாவுக்குப் புல்லரித்தது. எங்கிருந்து வருகிறது இதெல்லாம்? ஒரு மனிதனுக்குள் இப்படியும் ஒரு புதையலா? வாயைப் பிளந்து கைதட்டியிருக்க வேண்டியவள்தான்... பாழாய்ப் போன ரோஷம் விட்டால்தானே!

"எந்த வெப்சைட்டு ரீ? எழுத்தப் போட்டா வார்த்தையக் கொட்டற சைட்டு ஆயிரம் இருக்கு. ஒழுங்கா உச்சரிக்க வரல, அர்த்தமும் தெரியல... உங்களுக்கு எதுக்கு இந்த அழுகுணி ஆட்டம்?"

அவன் எழுந்தான். "ஸ்வல்ப நில்ஸி அண்ணா," என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, கொட்டும் மழையில் இறங்கி நடந்தான்.

"ஏய், நெட்டே இல்லையேடி..." என்றாள் நிர்மலா மெதுவாக. "அவர் எங்கேர்ந்து தேடுவாரு?"

மேகனாவுக்கு முகம் ஜிவ்வென்று சுட்டது. கான்வென்ட்டில் படித்த திமிர்! வேறென்ன? இங்கிலீஷ் பேசத் தடுமாறுகிறவனுக்குள் இங்கிலீஷ் இருக்காது என்று நினைத்துவிட்டாள். அன்று வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் மன்னிக்காமலே போய்விட்டால்?

மறுநாள் மாலை அவள் ஏறியது ஸ்ரீரங்கப்பட்டண பஸ்ஸில். ஒரு தெரிந்த முகம்கூட இல்லை... அவனைத் தவிர. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டான்.

எல்லார் முன்னாலும் வைத்துத்தானே அவமானப்படுத்தினாள்? பஸ் நடுவில் நின்றாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க! நேத்து இவரப் பத்து பேர் முன்னால ஏமாத்தறார்னு சொன்னேன். தப்பு என் மேல. சாரி, கவின்ராஜ்!"

"ஐயோ, எதுக்குங்க இதெல்லாம்..." பதறிப்போய் நகர்ந்து இடம் விட்டான். "உக்காருங்க. பஸ்ஸு கெளம்பிருச்சு."

உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. "எப்படி... எப்படி அத்தன வார்த்த?"

"நான் கன்னட மீடியமுங்க. காலேஜ்ல இங்கிலீஷ் பேசுனாச் சிரிப்பாங்க. அதனால பேசறத விட்டுட்டு டிக்‌ஷனரியோட உக்காந்துட்டேன். அர்த்தமும் இங்கிலீஷ்லயே இருந்துச்சா, அது வெளங்கல. வார்த்தைய மட்டும் அஞ்செழுத்து ஒரு பக்கம், ஆறெழுத்து ஒரு பக்கம்னு மனசுக்குள்ள அடுக்கி வெச்சுட்டேன். கண்ண மூடுனா வந்து நிக்குமுங்க."

அவமானத்தில் ஒதுங்கிப் போனவன் தனியாக உட்கார்ந்து ஒரு உலகத்தையே சேர்த்து வைத்திருக்கிறான்... மேகனா அவன் பக்கம் திரும்பினாள்.

"நேத்து க்யூ, ஏ, என், ஏ, டின்னீங்களே... ராத்திரி அர்த்தம் தேடிப் பாத்தேன். அது மண்ணுக்கு அடியில தோண்டற வாய்க்கால். தூரத்து மலைத் தண்ணிய ஊருக்குக் கொண்டு வரும்."

"அப்படியும் உண்டுங்களா!" பிரமித்துப் போய் அவளைப் பார்த்தான். "எங்க காட்டு வெள்ளாமைக்கு மழைய விட்டா வேற தண்ணி இல்லீங்க. இத்தன வருஷம் அந்த வார்த்தைய என்னன்னே தெரியாம வெச்சிருந்திருக்கேன்..."

வெளியே தூறல் ஆரம்பித்தது. பஸ் காவிரிப் பாலத்தை நெருங்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"ஏனுங்க, உங்க வீடு எங்க?"

"தேவராஜ மொஹல்லா."

"அது அந்தப் பக்கமுங்களே! சாரி சொல்லவா இவ்ளோ தூரம்?"

"சாரிக்கு மட்டும் இல்ல..." மேகனா மடியில் இருந்த பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நேத்து உங்களப் பாத்ததுமே எனக்குப் பிடிச்சுப் போச்சு. அந்த பயத்துலதான் அப்படிக் கத்துனேன்."

கவின்ராஜ் அவள் பக்கம் திரும்பி, மெல்லச் சொன்னான்.

"நேத்து மழைல நடந்தப்ப எனக்குக் கோவமே வரலீங்க. பேரக்கூட கேக்காம இறங்கிட்டமே, இனி இவங்கள எங்க போயித் தேடறதுன்னுதான் அழுகையா வந்துச்சு..."