மகளுக்கு ஊட்டிய சோளம்

"யாருப்பா கூப்பிட்டது?"

கணப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோளக்கூழைக் கிளறுவதை நிறுத்திவிட்டு சைலன்ஸ் தலையை நிமிர்த்திக் கேட்டாள். சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஜேபெஸ் வாட்லோவின் காதில் எதுவும் விழுந்திருக்கவில்லை. விடிந்ததிலிருந்து விழும் பனி ஊரின் எல்லா ஓசைகளையும் கம்பளிபோலப் போர்த்தி அமுக்கியிருந்தது. கொட்டிலில் பசு குளம்பை மாற்றி வைப்பதும், ஈர விறகு சீறுவதும், கூரையிலிருந்து எப்போதாவது ஒரு பாளம் பனி சரிந்து பொத்தென்று விழுவதும்தான் கேட்டன.

"யாரும் கூப்பிடலம்மா."

"இல்லப்பா, பொம்பளக் குரல்." அவள் கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தாள். குளிர் தரையோடு தவழ்ந்து உள்ளே வந்தது. "என் பேரச் சொல்லல. வேற ஏதோ பேரு. ஆனா என்னத்தான் கூப்பிட்டாங்க."

ஜேபெஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சாத்திய பிறகும் கையைத் தாழ்ப்பாளிலிருந்து எடுக்கவில்லை.

இங்கிலாந்திலிருந்து முதல் கப்பலில் வந்து இந்தக் கடற்கரையில் ஆஷ்கோம்ப் என்ற இந்த ஊரை உண்டாக்கியவர்களில் மிஞ்சியிருந்தது அவரும், அன்று கைக்குழந்தையாக இருந்த சைலன்ஸும்தான். அவர் சபையின் மூப்பர். அறுவடை நல்லபடியாக முடிந்ததற்காகச் சபை அன்று நன்றி செலுத்தும் நாள் வைத்திருந்தது. முதல் குளிர்காலத்தில் கர்த்தர் காப்பாற்றிய விதத்தை மூப்பர்தான் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று போதகர் கேட்டிருந்தார். எத்தனையோ வருடங்களாகத் தட்டிக்கழித்துவந்தவரால் இந்த முறை முடியவில்லை.

சைலன்ஸ் கூழை ஊற்றிக் குடித்தாள். மறுபடி ஊற்றினாள். பிறகு பானையையே மடியில் இழுத்து வைத்துக்கொண்டு மரக்கரண்டியால் சுரண்டத் தொடங்கினாள். கரண்டியின் சத்தம் நிற்கவே இல்லை. எப்போதும் அப்பாவுக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் தனக்கு ஊற்றிக்கொள்கிற பெண் அவள்.

"அடியே, பானையையும் சேத்துத் தின்னுடாத." ஆராதனைக் கூடத்துக்குச் சேர்ந்து போகலாமென்று வந்த பக்கத்து வீட்டு டாம்சின், பனியை உதறிக்கொண்டே சிரித்தாள். "உங்க வீட்டுல இனிமே எலிக்குப் பொறி வேண்டாம் மூப்பரே. அதுங்களே பட்டினியில ஊரவிட்டுப் போயிடும்."

சைலன்ஸ் சிரிக்கவில்லை. "பசிக்குது அத்தை," என்றாள். "பசி உள்ள இருந்து வரல. வெளிய எங்கயோ இருக்கு."

டாம்சின் ஜேபெஸைப் பார்த்தாள். ஜேபெஸ் தீயைப் பார்த்தார்.

கூடத்தின் முரசு ஒலித்தது. மூவரும் நடந்தார்கள். பெண்கள் இருவரும் முன்னால் போக, ஜேபெஸ் பின்னால் வந்தார். வழியில் இரண்டு தடவை சைலன்ஸ் நின்று, கடலோரத்து மணல்மேடுகள் இருக்கும் திக்கில் காதைத் திருப்பினாள். இரண்டாவது தடவை அவர் காதிலும் விழுந்தது. மெல்லிய, நீளமான குரல். தாய் விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும்போது கடைசி எழுத்தை இழுப்பாளே, அந்த இழுப்பு. காற்றுதான் என்று சொல்லிக்கொண்டார். காற்று வீசவில்லை.

ஆராதனைக் கூடத்தில் ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். தீ மூட்டாத மரக்கூடம். ஈரக் கம்பளியின் வாடையும் மெழுகின் வாடையும். ஒவ்வொரு வாயிலிருந்தும் வெள்ளையாகப் புறப்பட்ட மூச்சு. போதகர் க்ரிம்ஸ்டன் நீண்ட ஜெபத்தை முடித்துவிட்டு அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஜேபெஸ் எழுந்தார். சபை எதிர்பார்த்த வார்த்தைகளைத்தான் முதலில் சொன்னார். கப்பல் வந்தது, பனி வந்தது, காய்ச்சல் வந்தது, பாதிப்பேர் வசந்தத்தைப் பார்க்கவில்லை. மனைவியைப் புதைத்ததைச் சொன்னார். அப்புறம் நாக்கு அவரைக் கேட்காமல் போயிற்று.

"மணல்மேட்டுல சோளம் கிடைச்சதுன்னு உங்களுக்கெல்லாம் தெரியும். இந்த மண்ணோட ஆளுங்க விதைக்குன்னு புதைச்சு வெச்சிருந்தது. அத எடுத்தோம். அது எல்லாருக்கும் தெரியும். பக்கத்துல இன்னொரு மேடு இருந்துச்சு. சின்னது. மத்தவங்க முதல் குழியோட போயிட்டாங்க. நான் மட்டும் மறுநாள் போயி அதத் தோண்டினேன்."

பெஞ்சுகள் கிறீச்சிட்டன.

"பாய விரிச்சு, ஒரு குழந்தையப் படுக்க வெச்சிருந்தாங்க. எம்மக வயசுதான் இருக்கும். பக்கத்துல ஒரு மரக்கிண்ணம். நெறைய சோளம். அது போற வழிக்குன்னு அதோட அம்மா வெச்சது. என் பிள்ள அழக்கூடத் தெம்பில்லாம கிடந்தா. கிண்ணத்த எடுத்துக்கிட்டேன். நானே மென்னு ஊட்டினேன். அதுலதான் இவ பொழைச்சா."

பெண்கள் பக்கத்தில் சைலன்ஸ் தலையைத் தூக்கியிருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. வாயை மட்டும் லேசாக அசைத்தாள், எதையோ மெல்வதுபோல.

"வசந்தத்துல ஒரு பொம்பள வந்தா," என்றார் ஜேபெஸ். குரல் உடைந்தது. "அவங்க ஊர்ல காய்ச்சல்ல எல்லாரும் போயிட்டாங்க. அவ ஒருத்திதான். ரெண்டு கையையும் சேத்து தாலாட்டுற மாதிரி காட்டினா. அப்புறம் வாயக் காட்டினா. அந்தக் குழந்தையோட அம்மா இவதான்னு எனக்குப் புரிஞ்சது. எங்கிட்ட ஒண்ணுமில்லன்னு கைய விரிச்சேன். கைய விரிக்கிறதுக்காக எம்மகளக் கீழ எறக்கி வெச்சேன். அவ எம்மக கன்னத்தையே பார்த்துக்கிட்டு நின்னா. வேலிக்கு அந்தப் பக்கம் பல நாள் நின்னா. நான் ஒரு வாய் குடுக்கல. ஒரு நாள் விடிஞ்சப்ப அங்க இல்ல."

யாராவது எழுந்து அவரை வெளியே போகச் சொல்வார்கள் என்று காத்திருந்தார். மூப்பர் பதவியைப் பிடுங்குவார்கள், சபை நடுவில் நிற்க வைப்பார்கள். அதற்காகத்தான் இத்தனை வருடமும் பயந்தார். அதற்காகத்தான் இத்தனை வருடமும் ஏங்கினார்.

போதகரின் கண்கள் கலங்கியிருந்தன.

"வனாந்தரத்துல பசிச்ச இஸ்ரவேலருக்கு வானத்துலயிருந்து மன்னா கொடுத்தவர், நம்ம மூப்பருக்கு இதக் காட்டியிருக்கார்," என்றார். "ஒரு புறஜாதிப் பிணத்தோட கையிலயிருந்து தம்முடைய பிள்ளைக்கு ஆகாரம். எப்பேர்ப்பட்ட பராமரிப்பு."

"போதகரே, அது திருட்டு," என்றார் ஜேபெஸ்.

"உங்க மனத்தாழ்மை மூப்பரே. உட்காருங்க."

"ஆமென்," என்றது கூடம். ஒருவர் சங்கீதத்தின் வரியை எடுத்துக் கொடுக்க, எல்லோரும் அதைப் பிடித்து இழுத்துப் பாடினார்கள். ஆளுக்கொரு தாளம். குரல்கள் கூரையில் மோதித் திரும்பின. பக்கத்தில் இருந்தவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஜேபெஸ் தோளை இழுத்துக்கொண்டார். மன்னித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மன்னிக்க எதுவுமே இல்லை என்கிறார்கள்.

பாட்டின் நடுவே முதுகில் குளிர் பட்டது. கதவு திறந்திருந்தது. டாம்சினின் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது.

அவர் ஆட்களை இடித்துக்கொண்டு வெளியே வந்தார். பின்னால் பாட்டு நிற்கவில்லை.

பனியில் சைலன்ஸின் சப்பாத்துத் தடம் தெளிவாகத் தெரிந்தது. நேராக மணல்மேடுகளை நோக்கிப் போயிற்று. தடுமாற்றமில்லாத, வீட்டுக்குப் போகிறவளின் நடை. ஜேபெஸ் மூச்சிரைக்க ஓடினார். கடைசி வேலியைத் தாண்டியதும் அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தடம் சேர்ந்துகொண்டது. எங்கிருந்தும் வராமல், அந்த இடத்திலேயே தொடங்கிய தடம். வெறுங்கால். ஐந்து விரலும் பதிந்திருந்தன.

அதன் பிறகு சைலன்ஸின் தடம் மாறிக்கொண்டே போனது. முதலில் சப்பாத்துகள் கிடந்தன. பிறகு தலைத்துணி. பிறகு அவள் காலடிகளின் இடைவெளி குறுகியது. தத்தித் தத்தி. ஓரிடத்தில் விழுந்திருக்கிறாள். உள்ளங்கைகளும் முழங்கால்களும் பதிந்த பள்ளம். அங்கிருந்து தவழ்ந்த கோடு.

அப்புறம் கோடும் இல்லை. வெறுங்கால் தடம் மட்டும். ஆழமாக. எதையோ தூக்கிக்கொண்டு நடந்ததுபோல.

"சைலன்ஸ்."

கடல் இரைந்தது. ஊரில் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் மணல்மேட்டில் ஏறினார். கையூன்றி. மேலே வந்தார். கீழே பார்த்தார்.

மேட்டின் மறைவில் ஒரு பெண் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். திறந்த தோளில் பனி விழுந்து, உருகாமல் கிடந்தது. அவள் மடியில் சைலன்ஸ். வளர்ந்த உடம்பைச் சுருட்டி, முழங்கால்களை மார்போடு ஒட்டி, தலையை அவள் முழங்கையில் சாய்த்து. அந்தப் பெண் எதையோ மென்றாள். மெதுவாக, அவசரமே இல்லாமல். விரலால் எடுத்தாள். சைலன்ஸின் உதட்டில் வைத்தாள். சைலன்ஸ் விழுங்கினாள்.

"எம்மா, அப்பா வந்திருக்கேன். எந்திரிம்மா."

சைலன்ஸ் திரும்பினாள். அவரைப் பார்த்தாள். புது முகத்தைப் பார்த்த குழந்தையைப்போல அவள் உதடு பிதுங்கியது. அழுகை முட்ட, முகத்தை அந்த மார்பில் புதைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முதுகைத் தட்டினாள். ஒரு பெயரைச் சொன்னாள். காலையில் கேட்ட அதே இழுப்பு.

சைலன்ஸ் பதில் சொன்னாள். அவளுக்குத் தெரியாத மொழியில், ஒரே ஒரு சொல். எந்த மொழியிலும் புரிகிற சொல்.

பிறகு அடுத்த வாய்க்காக முகத்தைத் தூக்கினாள். வாயைத் திறந்தாள்.

உள்ளே பற்கள் இல்லை. சிவந்த, ஈரமான, பிஞ்சு ஈறு மட்டும்.