பதிவுக்கு முன்

நாற்பத்தொரு நிமிடம், பன்னிரண்டு விநாடி. பேட்டியின் எழுத்துப் பிரதியின் தலைப்பில் இளமதி தன் கையால் குறித்துவைத்த நீளம் அது. இன்று ஒலிப்பதிவுக் கருவியின் சின்னத் திரை நாற்பத்தொரு நிமிடம், பத்தொன்பது விநாடி என்றது.

ஆய்வு மாணவர் அறையில் அவள் மட்டும் இருந்தாள். கீழே பி.ஏ. பிள்ளைகள் கலைவிழாவுக்கு மேளம் அடித்துப் பழகும் சத்தம் படிக்கட்டு வழியாக ஏறிவந்தது. காற்று திசை மாறும் நாட்களில் பொன்னேரி வயல்களைத் தாண்டிக் கல்லூரி வரை வரும் கும்மிடிப்பூண்டி உருக்காலைகளின் கருகிய இரும்பு வாடை, இன்று சன்னல் சாத்தியிருந்தும் உள்ளே நின்றது.

ஓடவிட்டாள். "உங்க பேர் சொல்லுங்க" என்ற அவள் கேள்வியில்தான் பதிவு தொடங்கும். இப்போது அதற்கு முன்னால் ஒரு நாற்காலி இழுபட்டது. டீ கிளாஸ் ஒன்று மேசையில் உட்கார்ந்தது. பிறகுதான் கேள்வி.

பிறகு எபினேசர்.

இதே கல்லூரியில் இரண்டு வருடம் வரலாறு படித்தவன். அப்பா படுத்த படுக்கையானதும் நின்றுவிட்டு இரும்பு உருக்காலையில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்தான். ஒப்பந்தத் தொழிலாளர் வாழ்க்கை பற்றிய அவள் ஆய்வுக்குப் பேட்டி கேட்டபோது, காலேஜுக்கே வருகிறேன் என்றான். இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, தான் உட்கார்ந்த பழைய பெஞ்சைத் தொட்டுப் பார்த்தான்.

அன்று இரவு உலை வெடித்தது. வீட்டுக்கு வந்த பெட்டியைத் திறக்க விடவில்லை.

துக்கம் கேட்கப் போனபோது அவன் அம்மா மேரி, "அவன் கொரலு உங்கிட்ட கீதாமே?" என்றாள். இளமதி போட்டுக் காட்டினாள். அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போய்ப் போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. மேரியிடம் இருந்தது பட்டன் போன். மகன் குரல் இந்தக் கருவியில் மட்டும்தான்.

மேரிக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. அன்று எபினேசருக்கு மதிய ஷிப்ட். பேட்டிக்காக இளமதிதான் இரவுக்கு மாற்றச் சொன்னாள். பதிவுப் பொத்தானை அழுத்துவதற்கு ஓரிரு நிமிடம் முன்பு.

அடுத்த வெள்ளி நாற்பத்தொரு நிமிடம், ஐம்பது விநாடி. டீ கிளாசுக்கு முன்னால் எபினேசரின் சிரிப்பு. மேரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது புதுசு. போன வாரம் இது இல்ல. இன்னா மா, எடுத்து வச்சிகினு கொஞ்சம் கொஞ்சமா குடுக்கிறியா?"

மேரி கேட்கக் கேட்கப் பதிவு வளர்ந்தது. பின்னோக்கி வளர்ந்தது.

ஆய்வு நெறியாளர் மணவாளனிடம் சொல்லிப் பார்த்தாள். "கருவி பழசு. பேய ஆராய்ச்சி பண்ண நம்மகிட்ட ஃபண்டு இல்ல மா" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "எழுதி முடிச்சதும் ஒலிய அழிச்சிடுவோம்னு சம்மதப் படிவத்துல எழுதினது யாரு? நீதானே? திங்கக்கிழம எத்திக்ஸ் கமிட்டிக்கு லெட்டர் போவணும். அழிச்சிடு."

அழிக்கலாம். விதியே சொல்கிறது. அறைக்கு வந்து பொத்தான் மேல் விரலை வைத்தாள். வாயைப் பொத்திக்கொண்ட மேரியின் கை கண்ணில் வந்தது. விரலை எடுத்துவிட்டாள். நேரில் சொல்லிவிட்டு அழிப்பதுதான் மரியாதை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை. ரயிலில் இறங்கி நடந்தாள். எளாவூர் பக்கமிருந்து வரும் லாரிகளின் உறுமல் தரையில் அதிர்ந்தது. மேரியின் ஆஸ்பெஸ்டாஸ் வீட்டில் கரண்ட் இல்லை. வாசல் வெளிச்சம் பாதி அறையோடு நின்றுவிட்டது. மீதி அறையில் எபினேசரின் சட்டை ஆணியில் தொங்கியது.

"இன்னா மா லேட்டு? டீ போட்டு ஆறியே போச்சி."

"அம்மா, இன்னிக்குத்தான் கடைசி. இத அழிக்கணும். காலேஜ் ரூல்."

மேரி அவளையே பார்த்தாள். "அவன் இன்னா பாவம் பண்ணான், ரெண்டு தபா சாவறதுக்கு?"

மேரியே கருவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எந்தப் பொத்தான் என்று அவளுக்குத் தெரியும்.

திரையில் நாற்பத்து மூன்று நிமிடம், இருபது விநாடி.

மின்விசிறியின் கிறீச்சல். கல்லூரி மணி. ஒரு செருமல். இருட்டில் எபினேசரின் குரல் மிகவும் கிட்டத்தில் இருந்தது.

"ரெண்டு மணிக்கு டூட்டிக்குப் போவணும் அக்கா. சட்டுனு கேளுங்க."

மேரி தலை தூக்கினாள். "ரெண்டு மணியா? நைட்டு டூட்டின்னு இல்ல கம்பெனிக்காரனுங்க சொன்னானுங்க?"

இளமதி கருவியைப் பிடுங்கினாள். நிறுத்து. நிற்கவில்லை. அழி. அழிக்கவா? ஆம்.

திரை காலியானது. பதிவு எதுவும் இல்லை.

குரல் நிற்கவில்லை. இப்போது ஒரு பெண் குரல். கொஞ்சும் குரல்.

"நைட்டுக்கு மாத்திக்கோ எபி. ஒரு நாள்தானே? எனக்காக."

இரும்பு வாடை. அறை முழுக்க.

மேரி அவள் கையிலிருந்து கருவியைத் திரும்ப வாங்கினாள். தூங்கும் குழந்தையை வாங்குவதுபோல. அது சுட்டது. இளமதியின் உள்ளங்கையில் அதன் சூடு இன்னும் எரிந்தது. மேரி அதைக் கன்னத்தோடு வைத்தாள். தோல் பொரியும் மெல்லிய சத்தம். மேரி கையை எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினாள்.

"யாரு மா அது, பேசறது?"

விசிறிச் சத்தம் நின்றது. லாரிச் சத்தமும் இல்லை.

கருவிக்குள் யாரோ மூச்சு இழுத்தார்கள். உதடு இல்லாத மூச்சு.

"அம்மா கேக்குது பாருங்க அக்கா. சொல்லுங்க."