போட்டோ வந்தால் கதவு திறக்கும்

பகல் ஒன்று நாற்பதுக்கு அவள் எடுத்த போட்டோவில் குளியலறைக் கண்ணாடித் தடுப்பு பளிச்சென்று இருந்தது. மூன்றரைக்கு விருந்தினர் எடுத்து அனுப்பிய போட்டோவில் அதே கண்ணாடியில் ஒரு கைத்தடம். ஐந்து விரலும் விரிந்து, முழங்கால் உயரத்தில். இடைப்பட்ட நேரத்தில் அந்த விருந்தினரைத் தவிர வீட்டுக்குள் யாரும் நுழையவில்லை.

இது மூன்றாவது தடவை.

விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு விடும் வீடு அது. பதினொரு மணிக்கு ஒரு குடும்பம் கிளம்பும். மூன்று மணிக்கு அடுத்த குடும்பம் பெட்டியோடு வந்து நிற்கும். நடுவில் இருக்கும் நான்கு மணி நேரத்தில் அவள் வீட்டைத் துடைத்துக் கழுவி, வேறு ஊரில் இருக்கும் ஓனரம்மாவுக்கு ஒவ்வோர் அறையாகப் போட்டோ அனுப்ப வேண்டும். வாசல் பூட்டு ஓனரம்மாவின் போனுக்குக் கட்டுப்பட்டது. அவள் நுழைந்ததும் பூட்டிக்கொள்ளும். கடைசிப் போட்டோ மனதுக்குப் பிடித்தால்தான் திறக்கும்.

"வீட்டச் சுத்தமா வச்சுக்கத் துப்பில்லன்னா எதுக்கு விடுறீங்க?" என்று விருந்தினர் எழுதினார்கள்.

"உங்க பிள்ள கை வச்சதுக்கு நாங்களா பொறுப்பு?" என்று ஓனரம்மா பதில் எழுதினார்.

இருவரும் மல்லுக்கட்டி ஓய்ந்த பிறகு, கோபமெல்லாம் அவள் தலையில் வந்து விடிந்தது. "இன்னொரு புகார் வந்துச்சு, நீ வரவே வேண்டாம். உங்கக்கா இருந்த இடமாச்சேன்னுதான் உன்னக் கூப்பிட்டேன்."

உண்மைதான். எட்டு மாதம் முன்பு அக்கா இதே குளியலறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்தாள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அடுத்த வாரமே வேலை தங்கைக்கு வந்தது. கட்டிலோடு கிடக்கும் கணவனுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு போடுவது இப்போது இந்த ஒரு வேலைதான்.

எது எப்படி நடக்கிறது என்று பிடிபடாவிட்டால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. சின்ன வயதில் தையல் மெஷினைக் கழற்றி அடி வாங்கியவள். அடுத்த முறை வந்தபோது ஒரு யோசனையோடு வந்தாள். நாம் கழுவுவது பச்சைத் தண்ணீரில். விருந்தினர் குளிப்பது வெந்நீரில். வெந்நீரின் ஆவி கண்ணாடியில் பொடிப்பொடித் துளியாக ஒட்டும். அதனால்தான் கண்ணாடி வெளுக்கிறது. ஆனால் தோலின் எண்ணெய் பட்ட இடத்தில் துளி அதே மாதிரி ஒட்டாது. அந்த இடம் தனியாகத் தெரியும். அப்படியென்றால் கை அங்கே எப்போதும் இருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

வெந்நீரைத் திறந்துவிட்டுக் காத்திருந்தாள்.

கண்ணாடி வெளுத்தது. கை தெரிந்தது.

அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெளியில் நின்று சோப்பால் தேய்த்தாள். போகவில்லை. உள்பக்கம் போலிருக்கிறது என்று தடுப்புக்குள் நுழைந்து, வினிகர் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வழவழப்பாக வெறும் கண்ணாடி. இப்போது கை வெளிப்பக்கம் இருந்தது.

மறுபடி வெளியே வந்தாள். கை உள்ளே போயிருந்தது.

எந்தப் பக்கம் அவள் நின்றாலும், அது மறுபக்கம்.

வாளியை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். பூட்டு அசையவில்லை. போன் போட்டாள்.

"அம்மா, கதவக் கொஞ்சம் திறங்கம்மா. உள்ள ஒரு மாதிரி இருக்கு."

"அக்காளும் தங்கச்சியும் ஒரே பாட்டுதான் படிப்பீங்களா?" ஓனரம்மா சிரித்தார். "அவளும் இப்படித்தான் கூப்பிட்டா. ஆசிட்டையும் ப்ளீச்சையும் ஒண்ணா ஊத்திட்டேன், கண்ணு எரியுது, மூச்சு முட்டுதுன்னு. நானா ஊத்தச் சொன்னேன்? கறை போகணும்னு சொன்னேன், அவ்வளவுதான். பாத்ரூம் போட்டோ அனுப்பு, திறக்கிறேன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, திரும்ப உள்ள போயிருப்பா. போட்டோதான் வரல. மணி ரெண்டரை ஆச்சு, சீக்கிரம் முடி."

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

வெந்நீர் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் குளியலறைக்குத் திரும்பினாள். கண்ணெரிக்கும் ஒரு காரமான வாசம், இதுவரை இல்லாதது, தரையோடு தவழ்ந்து வந்தது. கண்ணாடிக்கு முன்னால் மண்டியிட்டாள்.

அந்தக் கையின் சுண்டுவிரல் ஒரு பக்கமாக வளைந்திருந்தது. கார் கதவில் நசுங்கி, சரியாகச் சேராத விரல்.

"அக்கா?"

விரல்கள் அசைந்தன. கண்ணாடியில் மெல்லக் கீழே வழுக்கின. மறுபடி மேலே வந்து ஒட்டின. மறுபடி வழுக்கின.

அவள் தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். சில்லென்றிருக்கும் என்று நினைத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

"குட்டி." காதுக்குள் வந்தது போல அவ்வளவு மெல்லிய குரல். "திறடி. மூச்சு முட்டுது."

கண்ணாடித் தடுப்பைத் திறந்தாள். உள்ளே யாரும் இல்லை. மூடினாள். கை இருந்தது.

"எந்தக் கதவுக்கா? நான் எதத் திறக்கணும்?"

"திறடி."

போன் ஒலித்தது. ஓனரம்மாவின் செய்தி: வந்தவங்க தெருமுனையில நிக்கிறாங்க. போட்டோ?

அவள் அந்த விரலைப் பார்த்தாள். அக்கா கதவைத் திறக்கச் சொல்கிறாள். அந்தக் கதவு அன்றைக்கே திறந்திருக்க வேண்டியது. இனித் திறந்து ஆகப்போவது என்ன? வீட்டில் இரண்டு பிள்ளைகள் நாளைக்கும் சாப்பிட வேண்டும்.

வெந்நீரை மூடினாள். கண்ணீரைத் துடைத்தாளா, கண்ணெரிச்சலைத் துடைத்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை எடுத்து வந்தாள்.

அன்றைய விருந்தினரிடமிருந்து புகார் வரவில்லை. அடுத்து வந்தவர்களிடமிருந்தும் வரவில்லை. வாரம் இரண்டு முறை அவள் வருகிறாள், செய்கிறாள், போட்டோ அனுப்புகிறாள், கதவு திறக்கிறது. தேய்க்கும்போது துணிக்கு அடியில் ஓரிடம் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். அங்கே கொஞ்சம் அழுத்தித் தேய்க்கிறாள்.

செய்முறை இவ்வளவுதான். உலர்ந்த கண்ணாடியில் ஒரு சொட்டு சோப்பை இரண்டு பக்கமும் தடவ வேண்டும். தண்ணீர் ஊற்றாமல், உலர்ந்த துணியால் மினுங்கும்வரை தேய்க்க வேண்டும். சோப்புப் படலத்தின்மேல் நீராவி துளியாக நிற்காது, தாள் போல ஒரே சீராகப் பரவிவிடும். கண்ணாடி வெளுக்காது. வெளுக்காவிட்டால் கை தெரியாது.