வாயைத் திறங்க மாமா!

மாமியார் தட்டிவிட்ட பால் சட்டி அடுப்படிச் சுவரில் மோதி உருண்டது. கொதிக்கும் பால் சின்ன மருமகளின் முழங்காலில் கொட்டியது. "ஐயோ!" என்று அவள் அலறியதும் அந்தம்மாளுக்கு ஆத்திரம்தான் கூடியது.

"கத்துடி... நல்லாக் கத்து! உனக்குக் குரல் இருக்கு. என் புள்ளைக்கு எங்கேடி இருக்கு?"

பிள்ளை உள்ளறையில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தான். பஸ் கண்டக்டர். எவ்வளவு நெரிசலிலும் கடைசி சீட் வரை கேட்கும் குரல் அவனுக்கு. புற்றுநோய் என்று பாதி நாக்கை எடுத்து நாற்பது நாள் ஆகிறது. இப்போது சிலேட்டில் எழுதித்தான் பேச்சு.

"மூத்தவன் இருபது வருஷமா புகையிலையை வாயில அடக்கறான். குத்துக்கல்லாட்டம் இருக்கான்! சின்னவன் போட்டது நாலே வருஷம்... அவனுக்கு மட்டும் எப்படிடி வரும்? எல்லாம் நீ காலடி வச்ச நேரம்!"

மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பதில் அவளிடம் இருந்தது. ஆனால் சொல்ல மாட்டேன் என்று கணவனுக்குச் சத்தியம் செய்திருந்தாள். 'அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், தாங்க மாட்டாள்' என்று எழுதிக் காட்டி அவன் அழுத அழுகைக்காகத்தான் நாற்பது நாளாக இந்த ஏச்சும் பேச்சும்.

கூச்சல் கேட்டு கணவனின் அண்ணன் வந்தார். லாரி மெக்கானிக். மனைவியை இழந்தவர், கோபம் வந்தால் கைதான் முதலில் பேசும்.

"இந்தச் சனியன் இன்னும் இங்கேயா?" என்று முடியைப் பிடித்து இழுத்தார். அவள் நெற்றி கதவு நிலையில் மோதியது. "வெளியே போடி!" என்று முகத்துக்கு நேரே கத்தினார்.

கத்திய வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை... உள்ளே கன்னத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. அதன் ஓரத்தில் ரத்தக் கசிவு. கணவனுக்கும் இப்படித்தானே தொடங்கியது!

சத்தியமாவது மண்ணாவது!

"வாயைத் திறங்க மாமா!"

பாய்ந்து அவர் தாடையைப் பிடித்தாள். விரலை உள்ளே விட்டுப் புகையிலை உருண்டையைத் தோண்டினாள். அவர் நறுக்கென்று கடித்தார். விரலில் ரத்தம் கொட்டியது, அவள் விடவில்லை. கன்னத்தில் விழுந்த அறையில் சுருண்டு விழுந்தவள், எழுந்து மறுபடி பிடித்தாள்.

"அடிங்க... கொல்லுங்க! ஆனா திறந்து காட்டுங்க!"

அவர் முக்காலியை ஓங்கினார். அதற்குள் உள்ளறையிலிருந்து உறுமல் மாதிரி ஒரு சத்தம்! தள்ளாடி ஓடிவந்த தம்பி, அண்ணனைச் சுவரோடு அழுத்தி நெஞ்சில் ஓங்கி ஓங்கிக் குத்தினான். மூச்சு வாங்கியது. பிறகு சிலேட்டை எடுத்து எழுதினான். 'சொல்லிடு.'

அவள் அழுதுகொண்டே சொன்னாள். "புகையிலை எல்லாருக்கும் விஷம்தான். ஆனா சிலர் உடம்புல அந்த விஷத்தை முறிக்கிற சக்தி பிறவியிலேயே குறைச்சலாம். மரபணுவுல இருக்கிற வித்தியாசம்... பரம்பரையா வருமாம். அது இருந்தா நோய் வர்றதுக்கும் வாய்ப்பு அதிகம், பரவுறதும் வேகமா இருக்கலாமாம். இவர் ரத்தத்தைச் சோதிச்சதுல அது இருக்குன்னு டாக்டர் சொன்னார். உங்க அப்பாவும் தம்பியும் எப்படிச் செத்தாங்க, அத்தை?"

மாமியார் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பல்லில் புண் என்றே ஊருக்குச் சொல்லி வந்த இரண்டு சாவு. இருவரும் தொண்டையில் தண்ணீர்கூட இறங்காமல் துடித்தார்கள்.

"நானா... நானா கொடுத்தேன்?" என்று தலையில் தலையில் அடித்துக்கொண்டாள்.

மருமகள் அந்தக் கைகளைப் பிடித்தாள். "யாரும் வேணும்னு கொடுக்கல அத்தை. மாமாவுக்கும் அது இருக்கலாம். கிளம்புங்க, இப்பவே ஆஸ்பத்திரியில காட்டணும்!"

பரிசோதனையில் புற்று என்றே வந்தது. ஆனால் ஆரம்பம், வெட்டி எடுத்துவிடலாம் என்றார்கள். ஆபரேஷனுக்குச் சம்மதம் எழுதித் தர உறவினர் வேண்டும். தாய் பேனாவை எடுத்தாள். மெக்கானிக் தடுத்தார்.

"அவ போடட்டும்மா... என் உயிரைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தவ அவதானே."

கட்டுப்போட்ட விரலோடு அவள் கையெழுத்திட்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னொரு தடவை என் மேல கை ஓங்கினா, இவரைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன் மாமா. திரும்பிப் பார்க்க மாட்டேன்."

"ஓங்க மாட்டேன் தாயி..." அந்த முரட்டு மனிதர் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

மாமியார் மருமகளின் வீங்கிய நெற்றியைத் தன் மார்போடு சேர்த்து அணைத்தவள், செவிலி வந்து இரண்டு முறை கூப்பிட்ட பிறகும் விடவில்லை.