ஆறு அங்குலப் பங்கர்

"ஐயோ...! எலும்பு!"

ஜேசிபி ஓட்டுநரின் அலறலில் புத்தூர் வெங்காயத் தோட்டமே திரண்டு ஓடி வந்தது.

தண்ணீர்த் தொட்டிக்காகத் தோண்டிய குழி. உள்ளே, போர்க்காலத்தில் தாரிகாவின் வீட்டார் ஷெல்லடிக்குப் பதுங்கக் கட்டிய பங்கரின் இடிந்த கூரை. அதற்குக் கீழே... உடைந்த மண்டையோடு!

தாரிகா குழி விளிம்பில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தாள்.

அது அப்பாதான்!

ஏரம்பு. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே ஊரை விட்டு வெளிக்கிட்ட இடப்பெயர்வில், வீட்டில் விட்டுவந்த சைக்கிளை எடுக்கத் திரும்பிப் போனவர். வரவேயில்லை.

'ஏரம்பு கொழும்பிலை வேறொருத்தியோடை இருக்கிறான். கண்ணாலை கண்டனான்' என்று ஊரெல்லாம் பரப்பியவர் அயல்வீட்டுக் கனகலிங்கம். அன்றிலிருந்து தாரிகா, ஓடினவன்ரை மகள்!

இப்போது அந்தக் கனகலிங்கமே காரிலிருந்து இறங்கினார்.

லண்டனில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டரில் குட்டிப் பங்கர் வடிவமைத்து, வீட்டிலேயே ப்ரிண்ட் எடுத்து விளையாடுகிற அறிவாளி! எலும்பை விசாரிக்க வந்த எஸ்.ஐ. யசிந்தா 'நிபுணர்' என்று கூப்பிட்டதில் தலை கால் தெரியவில்லை மனிதருக்கு.

பெட்டியைத் திறந்தார். உள்ளே ஆறு அங்குலப் பங்கர்.

"இதே பங்கர்தான், பிள்ளை. பழைய படங்களைப் பாத்துக் கீறினது. பனங்குத்தி, ரெயில் சிலிப்பர் கட்டை, எல் வடிவ வாசல்... ஒரு மில்லிமீற்றர் பிழையில்லை! வெள்ளைக்காரன் என்ரை டிசைனை வாங்கி வீட்டிலை ப்ரிண்ட் எடுக்கிறான்!"

"எலும்பு ஆற்றை ஐயா?" யசிந்தா கேட்டாள்.

"ஷெல் விழுந்து செத்த இயக்கப் பொடியன். அப்பிடியே எழுதி முடியுங்கோ."

எழுதினால் முடிந்தது! பெயரில்லாத எலும்பு. அப்பா காலம் முழுக்க ஓடிப்போனவர்.

"எழுதாதேங்கோ மிஸ்! அது என்ரை அப்பா!"

"உனக்கென்ன விசரோ? கொப்பர்தான் கொழும்பிலை..."

குழி ஓரத்தில் அம்மா கமலாவதி குந்தியிருந்தாள். நெற்றியில் இன்னும் அழிக்காத குங்குமம். தாரிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குட்டிப் பங்கரைப் பறித்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"உதோ சரித்திரம்? சீமெந்துக் கடை மாதிரி ஒரே சாக்கு! சனம் சீலையைத் தைச்செல்லோ மண்மூட்டை கட்டினது? உது பங்கர் இல்லை அங்கிள், கோழிக்கூடு!"

"எனக்குப் பங்கர் படிப்பிக்கிறியோ?"

"பின்னை? நீங்கள் சண்டைக்கு ஒரு மாசம் முந்தியே கொழும்புக்கு ஓடின வீரர்! பங்கரைப் படத்திலை மட்டும் பாத்த நிபுணர்!"

கனகலிங்கத்தின் முகம் செத்தல் மிளகாயாய்ச் சிவந்தது. எதையும் தாங்குவார், பிழை என்றால் மட்டும் தாங்கமாட்டார்!

"மூதேவி! நான் பாக்காததோ? சீலை மூட்டை இருந்தது! உள்ளுக்கை, இடப்பக்கம், கீழ் வரிசை... சிவப்புக் கூறைச்சீலை! அந்தச் சரிகைக்கரை ப்ரிண்டிலை விழாது எண்டுதான் சாக்காப் போட்டனான்!"

கமலாவதி எழுந்தாள்.

"அது என்ரை கூறை..."

"அம்மா?!"

"ஊர் வெளிக்கிட்ட அண்டு காலமை, கடைசி மூட்டைக்குச் சீலை காணாதெண்டு கொப்பர் கேட்டவர். தூக்கிக் குடுத்திட்டன். கூறையைக் குடுத்தால் தாலிக்குக் கூடாதெல்லோ... உனக்கும் சொல்லேல்லை. என்னாலைதான் அவர் போனார் எண்டு இவ்வளவு காலமும் நெஞ்சுக்கை வைச்சு வெந்தனான்!"

யசிந்தா கனகலிங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"அந்தச் சுவர் இன்னும் மண்ணுக்கை கிடக்கு. கூறை மூட்டையான அண்டைக்கு நீங்கள் கொழும்பிலை எண்டுதானே கதை. அப்ப கூறையை எப்பிடி ஐயா பாத்தனீங்கள்?"



கனகலிங்கம் காரை நோக்கிப் பாய்ந்தார். வெங்காயப் பாத்தியில் சறுக்கி விழுந்தார். கான்ஸ்டபிள் பிடரியில் பிடித்துத் தூக்கினான்.

"அவன் ஏன் திரும்பி வந்தவன்?" கனகலிங்கம் கத்தினார். "வெறும் வீடுதானே எண்டு அலுமாரியை உடைச்சனான்! கண்டிட்டுக் கத்தினான்... அலுமாரி உடைச்ச அலவாங்காலையே ஒரு அடி... பங்கருக்கை இழுத்துப் போட்டிட்டு..."

"அவர் ஓடேல்லையடி பிள்ளை!" கமலாவதி மகளைக் கட்டிக்கொண்டு குழறினாள். தாரிகாவும் அழுதாள். அத்தனை வருட அவமானமும் கண்ணீராய்க் கொட்டியது.

ஜீப் கதவு மூடப்போனது. தாரிகா மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜன்னலில் குனிந்தாள்.

"அங்கிள், அடுத்ததா மறியற்சாலையைக் கீறுங்கோ. படம் பாக்கத் தேவையில்லை... உள்ளுக்கை இருந்தே ஆறுதலா அளக்கலாம்!"